ஃபயர் ஆன் தி வாட்டர்

'ஃபயர் ஆன் தி வாட்டர்' ஜோ டெவர் எழுதி, கேரி சாக் படம் வரைந்து, 1984இல் இங்கிலாந்தில் வெளியான சாகச விளையாட்டு நூல். 'லோன் உல்ஃப்' வரிசையில் இரண்டாவது. அதே ஆண்டு வந்த 'ஃப்ளைட் ஃப்ரம் தி டார்க்' நின்ற இடத்தில் இதன் கதை தொடங்குகிறது. வாசகர்தான் நாயகன். எண்ணிட்ட 350 பகுதிகளில், அடுத்து எந்த எண்ணுக்குப் போவது என்பது பெரும்பாலும் அவர் கையில்.

ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982இல் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' இவ்வகை நூல்களுக்குப் பிரிட்டனில் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. ஆனால் அந்நூல் தொடங்கிவைத்த வரிசையில் பெரும்பாலும் நூலுக்கு நூல் நாயகன் புதியவன். டெவர் இதை மாற்றினார். முதல் நூலில் 'கய்' வீரர்களுக்குரிய பத்துக் கலைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து வென்றவர், இரண்டாம் நூலுக்கு ஆறாவது கலையோடு வருகிறார். பையும் பொற்காசும் ஆயுதமும் கூடவே வருகின்றன. பகடைகூட வேண்டாம். கண்ணை மூடி, நூலின் பின்னுள்ள எண் அட்டவணையில் பென்சிலை வைத்தால் போதும்.

கதை எளிது. இருள் பிரபு சகார்னாவின் படை சோமர்லண்டின் தலைநகர் ஹோம்கார்டை முற்றுகையிட்டிருக்கிறது. கய் வீரர்களில் எஞ்சிய ஒரே ஆளான லோன் உல்ஃப், நட்பு நாடான டூரனாருக்குப் போய், அங்கே காக்கப்படும் சோமர்ஸ்வெர்ட் என்ற சூரிய வாளைக் கொண்டுவர வேண்டும். கெடு 40 நாள்.

போகிற வழிதான் இந்த நூலின் உயிர். கடற்பயணம் பாதியில் சிதைய, லோன் உல்ஃப் தரைவழியே கோச்சு வண்டியில் டூரனாரின் போர்ட் பாக்ஸ் நோக்கிப் போகிறான். உடன் வருவோர் ஐவர்: வீரர்களான டோரியர், கேனன் என்ற சகோதரர்கள், பாதிரியார் பார்சியன், வணிகர் ஹால்வார்க், வாள் பிடித்த பெண் விவேகா. கோர்ன் கோவ் சத்திரத்தில் அவனுடைய சாப்பாட்டில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள். குணப்படுத்தும் கலை தெரிந்தவருக்கு அதைத் தாக்குப்பிடிக்க வழியுண்டு. அதன்பின் அந்த ஐவரில் குற்றவாளி யார் என்று வாசகரே சொல்ல வேண்டும். தவறானவரைச் சுட்டினால் குற்றமற்றவரோடு வாள் பிடிக்க நேரும். இவ்வளவு நேரம் வெறும் பெயர்களாகக் கடந்துபோனவர்களை, ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்க்க வைக்கிறார் டெவர். அசுரனை வெட்டித் தள்ளும் பக்கங்களைவிட இந்தச் சில பக்கங்கள் மனத்தில் தங்குவதற்குக் காரணம் அதுதான்.

வாள் கைக்கு வந்ததும் விளையாட்டின் கணக்கே மாறுகிறது. தொடக்கத்தில் ஒருவரின் போர்த்திறன் 10க்கும் 19க்கும் இடையில்தான். சோமர்ஸ்வெர்ட் ஒரேயடியாக 8 கூட்டித் தருகிறது. இறந்தும் நடமாடும் பகைவருக்கு இரட்டிப்புக் காயம் வேறு. துரோகி மந்திரவாதி வோனோட்டார் எழுப்பிய பிணக்கப்பல்களோடு நடக்கும் கடற்போரில், நீர்மேல் நெருப்பு என்ற தலைப்பு முழுப் பொருள் பெறுகிறது. சகார்னா வீழ்கிறான், வோனோட்டார் தப்புகிறான். அவனைப் பனிநாட்டில் துரத்துவது மூன்றாம் நூலான 'தி கேவர்ன்ஸ் ஆஃப் கால்ட்டே'.

இந்த வாளால் வந்த சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பிந்தைய நூல்களின் எதிரிகள் பலர், வாள் வைத்திருப்பவருக்கு ஈடுகொடுக்கும் வலுவோடு வருகிறார்கள். வரிசையின் நடுவில் நுழைந்து, வாள் இல்லாமல் ஆடுபவருக்கு அந்தச் சண்டைகள் மிகக் கடினம். பரிசின் மதிப்பைக் குறைத்திருந்தால் வரிசை சமநிலையாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாம் நூலின் வெற்றிக்கு இவ்வளவு சுவை இருந்திருக்காது.

டெவர் 2016 நவம்பர் 29 அன்று காலமானார். தம் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட 'புராஜெக்ட் ஏயான்' தன்னார்வலர்களுக்கு 1999இலேயே அனுமதி தந்திருந்தார். இந்த நூலும் அங்கே கிடைக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் முதல் நூலிலிருந்து தொடங்குவதே நல்லது.