உடவளவையும் மலைநாட்டு யானையும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து விடுமுறை நாட்களில் யானை காண உடவளவைக்குச் செல்வோர் பலர். தேயிலை மலைகளின் குளிர்ச்சி நீங்கி, வெயில் தகிக்கும் புல்வெளி தொடங்குமிடத்தில் அந்தத் தேசிய பூங்கா அமைந்திருக்கிறது. கூட்டமாக மேயும் யானைகளைக் கண்டு தோட்டத்துச் சிறுவர் வியந்து நிற்கின்றனர். ஒருகாலத்தில் அவர்தம் மூதாதையர் குடியேறிய மலைகளே யானையின் உறைவிடமாயிருந்தன என்பதை அவர்கள் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இலங்கையின் மலைக்காடுகளில் யானைகள் தடையின்றித் திரிந்தன. கோப்பித் தோட்டங்கள் பெருகியதும் காடுகள் அழிந்தன. கோடரி பிடித்த கைகள் தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளருடையவை. ஆணையும் ஆதாயமும் துரைமாருடையவை. பயிருக்குப் பகையெனக் கருதப்பட்ட யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கமே வெகுமதி அளித்தது. மேஜர் ரோஜர்ஸ் என்பவர் மட்டும் ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி வீழ்ந்தது, தேயிலை வந்தது. ஆனால் காடு திரும்பவில்லை.

மலையில் நேர்ந்த இழப்பு பின்னர்ச் சமவெளியிலும் நேர்ந்தது. 1960களில் வளவை கங்கையை மறித்து அணை கட்டப்பட்டது. வயல்கள் நீர் பெற்றன. காட்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கிற்று. இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும், நீரேந்து பரப்புக்குக் காவலாகவும், 30,821 ஹெக்டேர் நிலம் 1972 ஜூன் 30ஆம் நாள் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நீர்த்தேக்கத்தினுள் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் மூழ்கிய காட்டிற்குச் சாட்சி கூறுகின்றன.

பூங்காவின் அருகே 1995இல் யானைக்குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. தாயை இழந்த குட்டிகள் அங்கே பாலூட்டி வளர்க்கப்பட்டு, வளர்ந்தபின் மீண்டும் காட்டிலே விடப்படுகின்றன. ஆகையால் அவை மனிதருடன் பழகாதிருக்கும்படி, பார்வையாளர் தொலைவிலேயே நிறுத்தப்படுகின்றனர்.

பூங்காவின் வேலியோரம் நிற்கும் யானைக்கு இரக்கத்தால் கரும்பும் பழமும் நீட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கையேந்தப் பழகிய யானை அச்சம் நீங்கி ஊருக்குள் நுழைகிறது. அதனால் மனிதரும் மாள்கின்றனர், யானையும் மாள்கிறது. மலையை இழந்ததும் யானையின் விருப்பமன்று. மலையை வெட்டியதும் தொழிலாளியின் விருப்பமன்று. இருவரும் பிறர் ஆணைக்கு உட்பட்டவர்களே. இன்று வேலியோரத்தில் நிற்பவனுக்கோ அத்தகைய ஆணை எதுவுமில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொள்வது அவன் விருப்பத்தைப் பொறுத்ததே.