எழுத்து 'ஓ' சுழியமான கதை

கோவிட் காலத்தில் 'கிளஸ்டர்' என்ற சொல்லைத் தினமும் கேட்டோம். புதிதாக ஒரு கிளஸ்டர் என்றதும் நம் வாயில் வந்த முதல் கேள்வி எது? "யாரு கொண்டுவந்தது?" அந்தக் கேள்வி எப்படி வழி தவறிப் போகும் என்பதற்கு எய்ட்ஸ் நோயின் தொடக்கக் கால வரலாறு நல்ல பாடம்.

1981 ஜூன் 5-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நுரையீரல் அழற்சி கண்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிருமியா, போதைப்பொருளா, வேறு ஏதுமா? சமூகவியலாளர் வில்லியம் டாரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளிடம் நேரில் பேசினார்கள். யார் யாரோடு பாலுறவு கொண்டிருந்தார்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு நோயாளியும் ஒரு வட்டம், ஒவ்வோர் உறவும் ஒரு கோடு. இப்படி ஒரு தொடர்பு வலை உருவானது. 1984-இல் வெளியான ஆய்வில் 10 நகரங்களைச் சேர்ந்த 40 நோயாளிகள் அந்த வலையில் இணைந்திருந்தனர்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இந்த வலையின் முதல் பகுதி 1982-லேயே வெளிவந்து, நோய் பாலுறவு வழியாகப் பரவலாம் என்று காட்டியது. 1983 மார்ச்சில் அமெரிக்கச் சுகாதாரத் துறை தடுப்பு ஆலோசனைகளை வெளியிட்டது. எய்ட்ஸ் நோயாளிகளுடன் பாலுறவைத் தவிர்க்க வேண்டும், தொற்று அபாயம் உள்ளவர்கள் இரத்த தானம் செய்யக்கூடாது என்றது. பாரிஸ் ஆய்வாளர்கள் கிருமியைப் பற்றி அறிவித்ததோ அதே ஆண்டு மே மாதத்தில்தான். கிருமி பிடிபடும் முன்பே அது வரும் பாதை பிடிபட்டுவிட்டது!

இனிதான் தவறு நடந்த இடம். படத்தின் நடுவில் இருந்தவர் கலிபோர்னியாவுக்கு வெளியே வாழ்ந்தவர். 'வெளியே' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'ஓ'. அதையே அவருக்கு அடையாளமாக வைத்தார்கள். பார்த்தவர்கள் அதைச் சுழியம் என்று படித்துவிட்டார்கள். ஒரு புள்ளி விட்டால் பொருளே மாறும் என்று தமிழ் வகுப்பில் சொல்வோமே, அதே கதைதான். 'ஓ' நோயாளி 'சுழிய நோயாளி' ஆனார், அதாவது எல்லாருக்கும் முதல்வர்.

அவர் கெய்தான் டுகா, கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர். 1984-இல் இறந்துவிட்டார். 1987-இல் ராண்டி ஷில்ட்ஸ் எழுதிய நூல் அவர் பெயரை வெளியிட்டது. அவர்தான் அமெரிக்காவுக்கு எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

உண்மை என்ன? தொற்றிய பிறகு நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம் என்று பின்னர் தெரிந்தது. ஆகவே, வலையில் இருந்த பலர் அவரைச் சந்திக்கும் முன்பே தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும். 2016-இல் மைக்கேல் வொரோபி குழுவினர் 1970-களில் சேமித்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்தனர். 1970-ஐ ஒட்டியே கிருமி நியூயார்க்குக்கு வந்துவிட்டது, டுகாவின் கிருமி மற்றவற்றுக்கு மூலம் அல்ல என்று நிறுவினர்.

பிறகு ஏன் அவர் நடுவில் நின்றார்? பலருக்குத் தங்கள் துணைவர்களின் பெயர்கூட நினைவில்லை. அவரோ 72 பெயர்களைக் கொடுத்து ஆய்வுக்கு உதவினார். அதிகம் சொன்னவருக்கு அதிகக் கோடுகள். உதவியவரே குற்றவாளி ஆக்கப்பட்டார்.

இது பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். மேகநோய், வெட்டைநோய் போன்றவற்றைத் தடுக்க இன்றும் தொடர்பு வலைதான் உதவுகிறது. யாரை முதலில் சோதிப்பது, யாருக்கு உடனே சிகிச்சை தருவது என்று அது காட்டும். ஆனால், உண்மை சொன்னால் பழி வரும் என்று பயந்தால் யார் வாய் திறப்பார்? அதனால்தான் துணைவருக்குத் தகவல் சொல்லும் சுகாதாரப் பணியாளர், தகவல் தந்தவரின் பெயரைச் சொல்வதில்லை.

ஆசிரியர்களே, சான்றுகளை ஆராயும் பாடத்தில் இதைப் பயன்படுத்திப் பாருங்கள். மாணவர்களிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படம் எதைச் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை? பாதையைச் சொல்கிறது, பழியைச் சொல்லவில்லை என்று ஒரு மாணவர் தானே கண்டுபிடித்துவிட்டால் போதும், பாடம் வெற்றிதான்.