பத்து மணி நேரப் பயிற்சியும் வேலை உறுதியும்: டி.டபிள்யூ.ஐ. திட்டத்தின் வரலாறு காட்டுவது

முன்னுரை

பணியிடப் பயிற்சியால் முதலாளி, தொழிலாளி இருவருக்கும் நன்மை உண்டு என்பதில் மேலாண்மை நூல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த நன்மை எப்போது இருவருக்கும் பங்காகிறது, எப்போது ஒரு பக்கமே தங்கிவிடுகிறது என்ற கேள்வி குறைவாகவே எழுப்பப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் உருவாகி, ஜப்பானில் வேரூன்றிய ‘ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ (டி.டபிள்யூ.ஐ.) திட்டத்தின் வழியே இக்கட்டுரை அக்கேள்வியை அணுகுகிறது. பயிற்சியின் தரம் உற்பத்தியை உயர்த்தும்; ஆனால் அந்த உயர்வில் தொழிலாளிக்குப் பங்கு கிடைப்பதைத் தீர்மானிப்பது வேலை உறுதி என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கப்பல் தளத்தில் தொடங்கியது

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் தளங்களுக்குத் திடீரெனப் பெருமளவில் ஆட்கள் தேவைப்பட்டனர். கைதேர்ந்தவரின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நின்று தொழில் பழகும் பழைய முறை அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் அதற்கு ஒரு மாற்றை வகுத்தார். கற்பவரை ஆயத்தப்படுத்துதல், வேலையைச் செய்துகாட்டி விளக்குதல், கற்பவரையே செய்யவைத்தல், சோதித்தல் என்ற நான்கு படிகள் கொண்ட முறை அது. 1919இல் வெளியான நூலில் ஆலன் இதை விரிவாக எழுதினார். ஒரு வேலையைத் திறம்படச் செய்யத் தெரிவதும் அதைக் கற்பிக்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள் என்பது அவரது அடிப்படைக் கருத்து. போர் முடிந்ததும் முறையும் பின்னுக்குப் போனது.

1940: மறுபிறப்பு

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நேரடியாக இறங்குவதற்கு முன்பே, 1940 ஆகஸ்டில், டி.டபிள்யூ.ஐ. தொடங்கப்பட்டது. சானிங் டூலி, வால்டர் டீட்ஸ் போன்ற அதன் தலைவர்கள் பெருநிறுவனங்களின் பணியாளர் துறைகளிலிருந்து வந்தவர்கள். முதல் சவாலாக வந்தது கண்ணாடி வில்லை தீட்டும் வேலை. படைக்கருவிகளுக்கு லென்ஸ் தேவை. அதைத் தீட்டும் கைவினைஞரை உருவாக்க ஐந்தாண்டு ஆகும் என்பது தொழிலின் நம்பிக்கை. ஆய்ந்து பார்த்தபோது, ‘லென்ஸ் தீட்டுதல்’ என்ற பெயருக்குள் பல தனித்தனி வேலைகள் அடங்கியிருப்பதும், அவற்றுள் பெரும்பாலானவற்றைப் புதியவர்கள் விரைவில் கற்கலாம் என்பதும் புலப்பட்டன. கடினமான சில வேலைகளை மட்டும் தேர்ந்தவர்களிடம் விட்டு, மற்றவற்றை ஆலன் முறையில் கற்பித்ததும் ஐந்தாண்டு என்ற கணக்கு சில மாதங்களாகச் சுருங்கியது.

இதிலிருந்து மூன்று பாடத்திட்டங்கள் கிளைத்தன. முதலாவது, வேலையைக் கற்பிக்கும் முறை. இரண்டாவது, வேலைமுறையை மேம்படுத்துதல்: ஒவ்வொரு செயலையும் ‘இது ஏன் தேவை?’ என்று கேட்டு, வேண்டாததை நீக்கி, மற்றவற்றை இணைத்து, வரிசை மாற்றி, எளிமையாக்குதல். மூன்றாவது, பணியாளர் உறவு: ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதை அவருக்குத் தெரிவித்தல், பாராட்டவேண்டிய நேரத்தில் பாராட்டுதல், அவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுதல், அவரது திறனை முழுதும் பயன்படுத்துதல்.

ஒவ்வொரு பாடமும் பத்து மணி நேரம். இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வுகள். பயிற்சி தரப்பட்டது தொழிலாளர்களுக்கு அல்ல, போர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும். வகுப்பில் விரிவுரை குறைவு. மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் விளக்கினால் யாருக்கும் புரியாது, சொல்லாமல் செய்துகாட்டினாலும் பிடிபடாது என்பதை நேரடியாக உணரவைத்துவிட்டு, பிறகே நான்கு படிகளைக் கற்பித்தார்கள். கற்பவர் தவறினால் பொறுப்பு கற்பித்தவருக்கே என்பது இத்திட்டத்தின் விதி. ‘இவனுக்கு மண்டையில் ஏறாது’ என்று சூப்பர்வைசர் கைகழுவ இதில் வழியில்லை.

கணக்கும் அதன் வரம்பும்

1945இல் திட்டம் மூடப்பட்டபோது 16,500க்கும் மேற்பட்ட ஆலைகளில் 17.5 லட்சம் பேர் சான்றிதழ் பெற்றிருந்தனர். கண்காணிக்கப்பட்ட சுமார் 600 நிறுவனங்களில் 86 சதவீதம் உற்பத்தியில் 25 சதவீதமோ அதற்கு மேலோ உயர்வு கண்டதாகத் தெரிவித்தன. பயிற்சிக் காலம் அதே அளவு குறைந்ததாக எல்லா நிறுவனங்களும் கூறின. கழிவு அந்த அளவுக்குக் குறைந்ததாகச் சொன்னவை 55 சதவீதம்.

இவை நிறுவனங்கள் தாமே தந்த விவரங்கள் என்பதால் எச்சரிக்கையுடன்தான் கொள்ள வேண்டும். இவற்றைவிட வலுவான சான்றைப் பொருளியலாளர்கள் நிக்கோலா பியாங்கி, மிக்கேலா ஜோர்செல்லி ஆகியோர் 2022இல் வெளியிட்டனர். திட்டத்துக்கு விண்ணப்பித்த 11,575 நிறுவனங்களின் தரவைத் திரட்டி, பயிற்சி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டபோது, பயிற்சியின் பலன் போருக்குப் பின்னும் நீடித்தது தெரிந்தது. பயிற்சி பெற்ற நிறுவனங்களோடு கொள்முதல் தொடர்பு கொண்டிருந்தவையும் பயனடைந்திருந்தன.

தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? தொழில் அறியாத பெண்களும் பிறரும் சில வாரங்களில் சம்பளத்துக்குரிய வேலையைக் கைக்கொண்டார்கள். தட்டுத்தடுமாறிக் கற்றுத் திட்டு வாங்கும் நிலை குறைந்தது. மறுபக்கம், முழுக் கைத்தொழில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டதால், ஒரு துண்டு மட்டும் அறிந்தவரின் பேரம்பேசும் வலு கைவினைஞருடையதைவிடச் சிறியதாகவே இருந்தது. ஆட்பற்றாக்குறை நிலவிய போர்க்காலத்தில் இது உறுத்தவில்லை. பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் செய்யும் வழியைக் கண்டுபிடித்தால் மீதி இருவருக்கு அடுத்த பிரிவில் வேலை காத்திருந்தது. அமைதிக் காலத்தில் அப்படியோர் உறுதி கிடையாது.

கேரி பெக்கர் 1964இல் எழுதிய மனித மூலதனக் கோட்பாடு முதலாளியின் தயக்கத்தை விளக்குகிறது. எங்கும் செல்லுபடியாகும் திறனைக் கற்றவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் செலவழித்தவருக்கு நட்டம். போர்க்காலத்தில் அரசே திட்டத்தை நடத்தியதால் இந்தத் தயக்கம் தளர்ந்தது. ஆக, முதலாளியின் தயக்கம், தொழிலாளியின் அச்சம் இரண்டையும் போர் தற்காலிகமாக நீக்கியிருந்தது. போர் முடிந்ததும் இரண்டும் திரும்பின.

ஜப்பானில் வேரூன்றியது ஏன்?

நேசநாட்டு ஆக்கிரமிப்பின் இறுதிக் கட்டத்தில், 1951இல், லோவல் மெல்லன் தலைமையிலான அமெரிக்கப் பயிற்சி நிறுவனம் ஜப்பானுக்குச் சென்றது. ஜப்பானியரைப் பயிற்றுநர்களாக்கிவிட்டு அது திரும்பியது. 1955இல் நிறுவப்பட்ட ஜப்பான் தொழில் பயிற்சிச் சங்கம் பணியைத் தொடர்ந்தது. டொயோட்டாவும் இப்பாடங்களை ஏற்றது. பின்னாளில் ‘கைசென்’ என்று உலகம் வியந்த தொடர் மேம்பாட்டு முறையின் வேர்களுள் ஒன்று இந்த வேலைமுறைப் பாடம்.

இந்த வரவேற்புக்கு ஜப்பானியப் பண்பாட்டைக் காரணம் காட்டுவது எளிது; 1950ஆம் ஆண்டின் நிகழ்வுகள் அதற்கு இடம் தரவில்லை. அவ்வாண்டு நிதி நெருக்கடியில் சிக்கிய டொயோட்டா ஆட்குறைப்பை அறிவிக்க, வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறத்தாழ 1,600 பேர் விலகினர். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவும் பதவி துறந்தார். அந்தக் காயத்திலிருந்தே வேலைப் பாதுகாப்புக்கு ஈடாக ஒத்துழைப்பு என்ற உடன்பாடு படிப்படியாக உருவாகி, 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் வெளியிட்ட கூட்டுப் பிரகடனத்தில் நிலைபெற்றது. தொழிலாளி நிலைத்திருப்பார் என்பதால் பயிற்சிச் செலவு முதலாளிக்கு வீணாகாது. தான் சொல்லும் யோசனை தன் வேலையையே பறிக்காது என்பதால் தொழிலாளியும் மனம்விட்டுப் பேசுவார். 1951இல் டொயோட்டா தொடங்கிய ஆலோசனைத் திட்டம் இந்த மண்ணில்தான் வளர்ந்தது.

இந்தியாவில் விடுபட்ட கண்ணி

1950களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் வழியே இதே உற்பத்தித்திறன் முறைகள் இந்தியாவுக்கும் வந்தன. 1956இல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா) நூற்பாலைகளுக்கான பயிற்சியையும் தன் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது. ஆனால் நாடு தழுவிய சட்ட ஏற்பாடாக அமைந்தது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அது நிறுவனங்களைப் பயிற்சி தரக் கடமைப்படுத்தியது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரக் கடமைப்படுத்தவில்லை. தொழிற்பழகுநர் ‘பயில்பவர்’, ‘தொழிலாளி’ அல்லர் என்றும் அது வரையறுத்தது. 2014 திருத்தம், வேலையில் சேர்ப்பது பற்றிய கொள்கையை வகுக்கும் பொறுப்பை நிறுவனத்திடமே விட்டது.

அண்மை ஆண்டுத் தொழிலக ஆய்வுகளின்படி, பதிவுபெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சில மாதங்களில் மாறிப்போகும் ஆளுக்கு எந்த ஆலையும் ஆழமாகக் கற்பிக்காது. அவரும் நிறுவனத்துக்கு யோசனை சொல்ல முன்வரமாட்டார். ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் ஓர் ஆலையில் பழகுநர் காலத்தை முடித்து, அடுத்த ஆலையில் மீண்டும் கீழ்ப்படியில் தொடங்க நேர்வதற்கும் காரணம் பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை.

முடிவுரை

ஒரே பாடம், ஒரே பத்து மணி நேரம். அமெரிக்காவில் அரசுத் திட்டம் ஐந்தாண்டில் முடிந்தது, ஜப்பானில் அது தொழிற்சாலையின் அன்றாட வழக்கமானது. போர்க்கால அமெரிக்காவில் ஆட்பற்றாக்குறை தந்த பாதுகாப்பைப் பின்னாளைய ஜப்பானில் உடன்பாடு தந்தது. பாதுகாப்பு இருந்த இரு இடங்களிலும் பயிற்சி இரு தரப்புக்கும் பலன் தந்தது. ஆகவே, திறன் மேம்பாட்டுத் திட்டங்களைப் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. பயிற்சி தந்த நிறுவனத்தில் எத்தனை பேர் நிலைத்தார்கள், அவர்களது ஊதியம் எவ்வளவு உயர்ந்தது என்ற இரு அளவுகளும் சேர வேண்டும். நிலைப்பைப் பொறுத்து நிறுவனத்துக்கு அரசு மானியம் தந்தால், முதலாளியின் தயக்கமும் தொழிலாளியின் அச்சமும் ஒருசேரக் குறைய வழி பிறக்கும்.