நாகார்ஜுனகொண்டா அரங்கமும் ஒலித் தொல்லியலும்

ஒலித் தொல்லியல் என்பது பழங்காலக் கட்டிடங்கள், குகைகள், திறந்தவெளி அரங்குகள் ஆகியவற்றில் ஒலி எவ்வாறு பரவியது என்பதையும், அங்குக் கூடியிருந்தோர் எதைக் கேட்டிருக்கக்கூடும் என்பதையும் அளவீடுகளின் வழியாக ஆராயும் துறையாகும். தொல்லியல், இயற்பியல், ஒலிக்கலை ஆகிய மூன்றும் இதில் சந்திக்கின்றன. ஆந்திரப் பிரதேசத்தில் நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்துள் மூழ்கிய விஜயபுரி நகரின் அரங்கம், இத்துறையின் பயனையும் எல்லையையும் காட்டும் இந்திய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. இந்நகரின் தோற்றத்தை ஒளிப்படங்கள் காத்துள்ளன. அதன் ஒலி எந்த அளவுக்கு எஞ்சியுள்ளது என்பது தனிக் கேள்வியாகும்.

நகரும் அகழாய்வும்

விஜயபுரி, கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட இட்சுவாகு மன்னர்களின் தலைநகராகும். மூன்று புறம் நல்லமலைத் தொடரின் குன்றுகளும் ஒரு புறம் கிருஷ்ணா ஆறும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இது அமைந்திருந்தது. பௌத்த விகாரைகள், தூபிகள், கோயில்கள், படித்துறைகள் ஆகியவை இங்கு இருந்தன. இலங்கைப் பிக்குகளுக்கென ஒரு விகாரையும் இருந்ததைக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது.

இவ்விடம் 1926இல் கண்டறியப்பட்டது. அப்போது இப்பகுதி சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் இருந்தது. ஏ. எச். லாங்கர்ஸ்ட் 1927 முதல் 1931 வரையும், டி. என். இராமச்சந்திரன் 1938இலும் இங்கு அகழாய்வு செய்தனர். கிருஷ்ணாவின் குறுக்கே அணை கட்ட முடிவானபின், பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கும் என்பதால், 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வகம் ஆர். சுப்பிரமணியம் தலைமையில் பெரும் அகழாய்வை மேற்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் ஆராயப்பட்டன. அணைக்கு 1955 டிசம்பர் 10 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். கட்டுமானம் 1967இல் நிறைவுற்றது.

அகழாய்வின்போது எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் தொல்லியல் ஆய்வகத்தின் ஆண்டறிக்கைகளில் வெளியாயின. நகரம் தன் மண்ணில் இருந்த நிலையை இன்று காண உதவுபவை இவ்வொளிப்படங்களும் அளவை வரைபடங்களுமே.

இடம்பெயர்ந்த அரங்கம்

முக்கியமான சில கட்டிடங்கள் பிரிக்கப்பட்டு வேறிடங்களில் மீண்டும் கட்டப்பட்டன. ஒரு பகுதி குன்றின் உச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அக்குன்றே பின்னர் நீர்த்தேக்கத்தின் நடுவே தீவாகி, அருங்காட்சியகம் உள்ள இடமாயிற்று. மற்றொரு பகுதி கரையோரத்தில் உள்ள அனுப்பு என்னும் இடத்தில் அமைக்கப்பட்டது. நகரின் அரங்கம் அனுப்பில் உள்ளது.

நீள்சதுரமான களத்தையும், அதனை நாற்புறமும் சூழ்ந்த செங்கல் படிவரிசைகளையும் கொண்டது இவ்வரங்கம். பண்டைய இந்தியாவில் இத்தகைய அமைப்பு அரிது. இது விளையாட்டுக்கும் மற்போருக்கும் உரிய களம் என்போரும், நாடகமும் இசையும் நிகழ்ந்த இடம் என்போரும் உள்ளனர். களத்தில் பேசப்படும் சொல் மேற்படியில் தெளிவாகக் கேட்குமா என்பதை அறிவது இவ்விவாதத்திற்கு ஒரு சான்றாக உதவும். ஒலித் தொல்லியலின் பயன் இங்குத் தெரிகிறது.

ஒலியை அளக்கும் முறை

ஓர் இடத்தின் ஒலித்தன்மையை அறியப் பலூனை உடைத்தல் போன்ற மிகக் குறுகிய, உரத்த ஒலி எழுப்பப்படுகிறது. முதலில் நேரொலியும், அடுத்துச் சுவர், படி, குன்று முதலியவற்றில் பட்டுத் திரும்பும் ஒலிகளும் ஒலிவாங்கியை வந்தடைகின்றன. இப்பதிவு அவ்விடத்தின் 'துடிப்பு மறுமொழி' எனப்படும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்ட ஒலி சுமார் 0.1 நொடியில் திரும்பி வரும்.

ஒலி 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம் ஆகும். மூடிய அறைகளில் இதனைக் கணிக்கும் வாய்பாட்டை அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன், 1895இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுகளின் வழியாக உருவாக்கினார். எதிர்முழக்கம் நீண்டால் பேச்சின் அசைகள் ஒன்றோடொன்று கலந்து தெளிவு குன்றும்.

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும் பதிவு செய்ய ஆம்பிசோனிக் முறை பயன்படுகிறது. 1970களில் பிரித்தானியாவில் மைக்கேல் கெர்சன் முதலியோர் உருவாக்கிய இம்முறையில், நான்முக வடிவில் பொருத்தப்பட்ட நான்கு ஒலியுணரிகள் கொண்ட ஒலிவாங்கி கையாளப்படுகிறது. துடிப்பு மறுமொழி கிடைத்தபின், எதிரொலியற்ற அறையில் பதிவான பாடலை அதனுடன் 'கன்வலூஷன்' என்னும் கணிதச் செயலால் இணைக்கலாம். அப்போது அப்பாடல் அந்த அரங்கிலேயே பாடப்பட்டது போல் ஒலிக்கும்.

இந்தியாவில் ஆய்வும் கலையும்

இந்தியாவில் இத்துறையில் முன்னோடியாக அறியப்படுபவர் உமாசங்கர் மந்திரவாடி. இத்துறையைத் தாமே கற்றுத் தேர்ந்த இவர், 1990களிலிருந்து ஆம்பிசோனிக் ஒலிவாங்கிகளைத் தாமே அமைத்து, பழங்கால நிகழ்த்துவெளிகளின் ஒலித்தன்மையை ஆராய்ந்து வந்துள்ளார். அவரது பணியை மையமாகக் கொண்டு, நிதா கௌஸ் ஒருங்கிணைத்த 'எ ஸ்லைட்லி கர்விங் பிளேஸ்' என்னும் கண்காட்சி 2020இல் பெர்லினில் உள்ள உலகப் பண்பாடுகளின் இல்லத்தில் நடைபெற்றது. பல ஒலிபெருக்கிகளின் நடுவே அமர்ந்து கேட்கும் ஒலிப்படைப்பு அதில் முதன்மை பெற்றது. சென்னையைச் சேர்ந்த நடனக் கலைஞர் பத்மினி செட்டூரும் இதில் பங்கேற்றார்.

இடம்பெயர்ப்பும் ஒலியும்

இடம்பெயர்ந்த அரங்கில் எடுக்கப்படும் எந்த அளவீட்டுக்கும் ஓர் அடிப்படை எல்லை உண்டு. படிகளின் உயரம், களத்தின் அகலம், செங்கல்லின் பரப்பு ஆகியவற்றைப் புதிய இடத்திலும் முன்போலவே அமைக்க இயலும். ஆனால் திறந்தவெளி அரங்கின் ஒலி அதன் சுவர்களோடு முடிவதில்லை. சூழ்ந்துள்ள குன்றுகளின் தொலைவு, தரையின் தன்மை, காற்று வீசும் திசை, ஆற்றின் இரைச்சல் ஆகியவையும் அதில் சேர்கின்றன. இவற்றைக் கட்டிடத்தோடு சேர்த்துக் கொண்டுசெல்ல இயலாது. எனவே அனுப்பில் இன்று கேட்பது அரங்க வடிவத்தின் ஒலி. விஜயபுரிப் பள்ளத்தாக்கின் ஒலியன்று. பழைய நில அளவை வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் கொண்டு பள்ளத்தாக்கைக் கணினியில் மீட்டமைத்து, ஒலியின் பாதையை ஓரளவு கணிக்கலாம். அந்த வகையில், கண்ணுக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படம் செவிக்கும் சான்றாகிறது.

பிற நகரங்கள்

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம், 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை சோழர் தலைநகராக விளங்கியது. இங்குள்ள மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் நடத்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. சுவர்களும் கூரையும் எஞ்சாததால் அரண்மனையின் ஒலியை நேரடியாக அளக்க வழியில்லை. இராசேந்திர சோழன் எழுப்பிய கற்கோயில் தன் இடத்திலேயே நிற்பதால், அதன் மண்டபத்தின் ஒலியை இன்றும் அளக்க இயலும். ஒரே நகரின் இரு கட்டிடங்களுள் ஒன்றின் ஒலி மறைந்துவிட்டது. மற்றதன் ஒலி அளக்கக்கூடிய நிலையில் உள்ளது.

வாழும் நகரங்களின் ஒலியை அது மறையுமுன் பதிவு செய்யும் கலைஞர்களும் உள்ளனர். நைஜீரியாவில் 1977இல் பிறந்த எமேகா ஓக்போ, மேற்கு ஆப்பிரிக்காவின் பெருநகரான லாகோசின் சந்தைகளையும், சிற்றுந்து நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவி அழைப்பதையும் பதிவு செய்து படைப்புகளாக்கினார். பலோகுன் சந்தையின் ஒலிகளைக் கொண்ட அவரது 'மார்க்கெட் சிம்பொனி' 2016இல் வாசிங்டனில் உள்ள ஆப்பிரிக்கக் கலைக்கான தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

விஜயபுரி அகழப்பட்ட 1950களில், ஒலியை அளப்பது அகழாய்வு முறைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கவில்லை. இன்று அதற்கு ஓர் ஒலிவாங்கியும் பதிவுக் கருவியும் சில மணி நேரமும் போதும். அணை, சாலை முதலிய திட்டங்களுக்காக ஒரு தொன்மையான இடம் அகற்றப்படும்போது, ஒளிப்படம், வரைபடம் ஆகியவற்றுடன் துடிப்பு மறுமொழியையும் அங்கேயே பதிவு செய்துவிட்டால், பின்வரும் ஆய்வாளர்கள் கணிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.