7 சுற்று வென்றும் சமநிலையா? குத்துச்சண்டைப் புள்ளிகளைப் படிப்பது எப்படி?

2018 டிசம்பர் 1. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கம். அமெரிக்காவின் டியோன்டே வைல்டரும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் 12 சுற்றுகளை முழுமையாக மோதி முடித்திருந்தனர். அதுவரை இருவருமே தோல்வியைச் சந்திக்காதவர்கள். ஹெவிவெயிட் பிரிவின் டபிள்யூபிசி பெல்ட் வைல்டரிடம் இருந்தது.

முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு நடுவர் வைல்டருக்கு 115-111. இன்னொருவர் ஃபியூரிக்கு 114-112. மூன்றாமவர் 113-113.

சமநிலை! அப்படி வந்தால் நடப்பு வெற்றியாளர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்வார். பெல்ட் வைல்டரோடு வீட்டுக்குப் போனது.

"சண்டை பூரா ஃபியூரி கையில்தானே இருந்துச்சு?" என்றது ஒரு தரப்பு. "ரெண்டு தடவ கீழே விழுந்தவர எப்படிங்க ஜெயிச்சார்னு சொல்றது?" என்றது மறு தரப்பு. இன்றும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை.

இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் பதில் அந்த மூன்று எண்களுக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு சுற்றும் தனிச் சண்டை

புள்ளி நடுவர்கள் மூவர் மேடையைச் சுற்றி வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்திருப்பார்கள். "மொத்தத்தில் யார் நன்றாகச் சண்டையிட்டார்?" என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. 3 நிமிடம் முடிந்ததும் அந்தச் சுற்றுக்கு மட்டும் புள்ளி எழுத வேண்டும். அதோடு அந்தச் சுற்றின் கதை முடிந்தது.

சுற்றை வென்றவருக்கு 10. தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்றாலும் 10-9தான், எதிராளியைத் திணறடித்து வென்றாலும் பெரும்பாலும் அதே 10-9தான். பார்ப்பவர்களுக்கு எரிச்சலூட்டும் இடம் இதுதான்.

ஒருவர் கீழே விழுந்தால், அதாவது நாக்டவுன் ஆனால், அவருக்கு இன்னொரு புள்ளி குறையும். பொதுவாக அந்தச் சுற்று 10-8 ஆகிவிடும். யார் வென்றார் என்று பிரிக்கவே முடியாவிட்டால் 10-10 கொடுக்கலாம். ஆனால் நடுவர்கள் அதைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள்.

228 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்

ஒரு சுற்றுக்கு 10-ம் 9-ம் சேர்ந்தால் 19. 12 சுற்றுக்கு 228. எந்தப் புள்ளி அட்டையைப் பார்த்தாலும் இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். 228-க்குக் கீழே எத்தனை குறைகிறதோ, அத்தனை புள்ளி நாக்டவுனுக்கோ தண்டனையாகவோ போயிருக்கிறது. 228-க்கு மேலே எத்தனை கூடுகிறதோ, அத்தனை சுற்று 10-10.

இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் அட்டைகள். 115-ம் 111-ம் 226. 114-ம் 112-ம் 226. 113-ம் 113-ம் 226. மூன்றிலும் சரியாக 2 குறைகிறது.

அந்த 2 புள்ளி எங்கே போனது என்பதில் சந்தேகமே இல்லை. 9-ஆம் சுற்றில் ஃபியூரி ஒருமுறை விழுந்தார். 12-ஆம் சுற்றில் வைல்டரின் வலக்கைக் குத்தும் தொடர்ந்து வந்த இடக்கைக் குத்தும் அவரை மல்லாக்கச் சாய்த்தன. சண்டை முடிந்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். மேடை நடுவர் ஜாக் ரீஸ் கையசைத்து நிறுத்திவிடாமல் எண்ணத் தொடங்கினார். அவர் 10 சொல்வதற்குள் ஃபியூரி எழுந்து நின்றார். ஹெவிவெயிட் வரலாற்றில் மறக்க முடியாத காட்சிகளில் அது ஒன்று.

ஆக, நாக்டவுனைப் பொறுத்தவரை மூன்று நடுவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் மற்ற 10 சுற்றில்தான்.

ஃபியூரிக்குத் தேவைப்பட்டது 8

அந்த 2 சுற்றையும் 10-8 என வைல்டருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 10. அதில் 7-ஐ ஃபியூரி வென்றால் என்ன ஆகும்? ஃபியூரிக்கு 7 சுற்றில் 70, தோற்ற 3 சுற்றில் 27, விழுந்த 2 சுற்றில் 16. கூட்டினால் 113. வைல்டருக்கு வென்ற 5 சுற்றில் 50, தோற்ற 7 சுற்றில் 63. அதுவும் 113!

"7 சுற்று ஜெயிச்சவரும் 5 சுற்று ஜெயிச்சவரும் சமமா?" ஆமாம், அந்த இரவில் சமம்தான். நடுவர் ஃபில் எட்வர்ட்ஸின் அட்டை சொன்னது அதைத்தான். ஃபியூரி வெல்ல, மிச்சமிருந்த 10-இல் 8 சுற்று தேவைப்பட்டது. நடுவர் ராபர்ட் டாப்பர் அந்த 8-ஐக் கொடுத்தார். அதனால் 114-112.

அலெஹாண்ட்ரோ ரோச்சின் 5 சுற்றுதான் கொடுத்தார். வைல்டருக்கு 7. அதுதான் 115-111. முதல் 4 சுற்றையும் அவர் வைல்டருக்கே எழுதியிருந்தார். சண்டை முடிந்ததும் கண்டனம் முழுக்க அவர் பக்கம்தான் திரும்பியது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ரோச்சின் தம் முடிவில் 1 சுற்றை ஃபியூரிக்கு மாற்றியிருந்தாலும் அவர் அட்டையில் வைல்டரே 114-112 என முன்னிலையில் இருந்திருப்பார். 2 சுற்றை மாற்றினால் 113-113. அப்போதும் ஆட்டம் சமநிலையே. 3 சுற்றை மாற்றியிருந்தால்தான் முடிவு மாறியிருக்கும்.

எட்வர்ட்ஸ் அட்டையிலோ ஒரே ஒரு சுற்று போதும். அது மாறியிருந்தால் 114-112, இரண்டு நடுவர்களின் ஆதரவு, பெல்ட் ஃபியூரிக்கு. மிகக் குறைவாக விமர்சிக்கப்பட்ட அட்டைதான் வெற்றிக்கு மிக அருகில் இருந்தது!

அந்த ஆரம்பச் சுற்றுகளில் என்ன பிரச்சினை?

நடுவர்கள் பார்க்க வேண்டியவை: சுத்தமாக விழுந்த குத்துகள், பலன் தரும் தாக்குதல், மேடையைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் திறன், தற்காப்பு. முதலாவதற்குத்தான் முக்கியத்துவம் அதிகம்.

ஆனால் அன்று ஆரம்பச் சுற்றுகளில் குத்துகளே அதிகம் விழவில்லை. வைல்டர் முன்னேறி வந்து பலமாக வீசினார்; பல காற்றில் போயின. ஃபியூரி தலையை ஆட்டி, உடலை வளைத்துத் தப்பித்தபடி சின்னச் சின்னக் குத்துகளைச் சேர்த்தார். துரத்துபவர் மேலா, தப்பிப்பவர் மேலா? விதியைப் படித்தால், படாத குத்துக்கு மதிப்பில்லை. எனவே அந்த நாலையும் வைல்டருக்கே கொடுத்தது ஏற்றுக்கொள்ளக் கடினமான தீர்ப்பு. இருந்தாலும் ஃபியூரியின் பக்கமும் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொத்தச் சண்டையிலும் ஃபியூரியின் 84 குத்துகளும் வைல்டரின் 71 குத்துகளும் இலக்கை எட்டின என்பது கம்பியூபாக்ஸ் கணக்கு. 12 சுற்றில் வித்தியாசம் வெறும் 13!

குத்துகளை எண்ணிவிட்டால் போதாதா?

எண்ணிக்கை சில நேரம் உண்மையை உரக்கச் சொல்லும். 1999 மார்ச் 13-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் லெனக்ஸ் லூயிஸும் இவாண்டர் ஹோலிஃபீல்டும் மோதினர். கம்பியூபாக்ஸ் கணக்கில் லூயிஸ் 348, ஹோலிஃபீல்ட் 130. ஆனால் முடிவு? சமநிலை! நியூயார்க் மாநில செனட் வரை விசாரணை போனது.

லூயிஸுக்கு 116-113, ஹோலிஃபீல்டுக்கு 115-113, மூன்றாவது அட்டை 115-115. கூட்டிப் பாருங்கள்: 229, 228, 230. மூன்றாம் நடுவர் 2 சுற்றை 10-10 என்று விட்டுவிட்டார். ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்த யூஜினியா வில்லியம்ஸ் 5-ஆம் சுற்றையும் அவருக்கே எழுதியதுதான் ஊரெல்லாம் பேச்சு. அது லூயிஸ் பின்னியெடுத்த சுற்று. ஆனால் அதைத் திருத்தினாலும் அவர் அட்டை 114-114 ஆகியிருக்கும். அப்போதும் சமநிலைதான்.

எட்டு மாதம் கழித்து நடந்த மறு மோதலில் மூன்று நடுவர்களும் லூயிஸுக்கே வெற்றி கொடுத்தனர்.

எண்ணிக்கையை மட்டும் நம்பவும் முடியாது. ஆளுக்கு ஒரு போட்டியாளர் என இருவர் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து விசையை அழுத்துவதுதான் கம்பியூபாக்ஸ். குத்தின் பலம் அதில் பதிவாகாது. ஒலிம்பிக்கில் 1992 முதல் 2012 வரை கணினி முறை இருந்தது. ஒரு குத்து கணக்கில் சேர, நடுவர்களில் பெரும்பான்மையினர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விசையை அழுத்த வேண்டும். வேகமான குத்துத் தொடர்கள் அதில் காணாமல் போயின. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கிலும் 10 புள்ளி முறையே வந்துவிட்டது.

ஒரே ஒரு நாக்டவுன்

2024 மே 18-இல் ரியாத்தில் ஃபியூரி மீண்டும் அதே கணக்கில் மாட்டினார். இம்முறை எதிரில் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக். ஹெவிவெயிட்டின் நான்கு பெல்ட்டுகளும் ஒரே மேடையில்.

உசிக்குக்கு 115-112, 114-113. ஃபியூரிக்கு 114-113. எல்லாவற்றின் கூட்டலும் 227. குறைந்த அந்த 1 புள்ளி 9-ஆம் சுற்றில் போனது. தள்ளாடிய ஃபியூரி தரையில் விழவில்லை. கயிறுதான் தாங்கிப் பிடித்தது. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்றால் அதுவும் நாக்டவுன்தான் என்கிறது விதி. மேடை நடுவர் எண்ணத் தொடங்கினார். எண்ணாமல் விட்டிருந்தால்? 115-113 இரு பக்கமும் ஒவ்வொன்று, இன்னொன்று 114-114. நான்கு பெல்ட் சண்டை சமநிலையில் முடிந்திருக்கும்.

அதே ஆண்டு டிசம்பர் 21-இல் மறு மோதல். மூன்று நடுவர்களும் உசிக்குக்கு 116-112. கூட்டினால் 228, யாரும் விழவில்லை. ஃபியூரி அதையும் ஏற்கவில்லை. சோதனை முயற்சியாக, செயற்கை நுண்ணறிவும் அந்தச் சண்டைக்குப் புள்ளி போட்டது. அது முடிவில் சேராது. அதன் கணக்கு உசிக்குக்கு 118-112. கூட்டினால் 230. யார் வென்றார் என்று அதற்கும் 2 சுற்றில் சொல்ல முடியவில்லை போலும்.