மிச்சப் பொருளும் வீட்டுத் தொழிலும்: திருவில்லிபுத்தூர் – இராஜபாளையம் வட்டார வேளாண் குடும்பங்களின் செய்பொருள் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டார வேளாண் குடும்பங்கள் பருவந்தோறும் செய்துவந்த நெய், மோர், வற்றல், மாங்காய்ப் பண்டங்கள் முதலியன பெரும்பாலும் வேறொரு வேலையின் மிச்சத்திலிருந்து உருவானவை. பருத்தி, பால், மாங்காய் ஆகியவை பதப்படுத்தப்படாத நிலையிலேயே பண்ணையை விட்டு வெளியேறத் தொடங்கியபோது அவற்றின் மிச்சமும் உடன் வெளியேறியது. வீட்டுச் செய்பொருள்கள் குன்றியதற்கு மரபை மறந்தமையைக் காட்டிலும் இதுவே அடிப்படைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பருவகாலம், பருத்திக்கொட்டை, பால்கோவா, மோர், குத்தகை, பெண் உழைப்பு

முன்னுரை

திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மறு ஆண்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் அது கிடைத்தது. இதன்பின் தென் தமிழகப் பண்டங்களைப் பற்றிய எழுத்துகள் பெருகியுள்ளன. அவற்றுள் பல, ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு அதை முதலில் செய்தவர் யார், எந்தக் கடையில் விற்றது என்று தேடுகின்றன. அத்தேடலுக்கும் பயன் உண்டு. ஆனால் அது பண்டத்தைத் தொழுவத்திலிருந்தும் அடுக்களையிலிருந்தும் பிரித்துவிடுகிறது. ஒரு வேளாண் குடும்பத்தில் எந்தப் பொருளும் தனித்துச் செய்யப்பட்டதில்லை. ஒன்றன் கழிவு மற்றொன்றன் மூலப்பொருளாக இருந்தது.

இத்தொடர்பு எழுதப்படாமற் போனதற்கு ஆவணங்களின் அமைப்பும் ஒரு காரணம். ஏ. ஜே. ஸ்டூவர்ட் 1879 இல் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேடு, அன்று அம்மாவட்டத்தில் இருந்த திருவில்லிபுத்தூர் வட்டத்தையும் உள்ளடக்கியது. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது இவ்வட்டம் அதனுடன் சேர்க்கப்பட்டது. எனவே ஹெச். ஆர். பேட் 1917 இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியின் எல்லைக்குள் இது வரவில்லை. இராமநாதபுரத்துக்கான விவரச்சுவடி 1972 இல்தான் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1918 இல் பதிப்பித்த கிராம ஆய்வுத் தொகுப்பு, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரத்தை எடுத்துக்கொண்டது இவ்விடைவெளியில் ஓரளவு உதவுகிறது. எனினும் இத்தகைய ஆய்வுகள் நிலம், பயிர், கால்நடை, கூலி, கடன் ஆகியவற்றையே மையமாகக் கொண்டன. மாடு கணக்கில் வந்தது, மத்து வரவில்லை. அடுக்களை, களத்துமேட்டு வழக்குகளை அறிய, கி. ராஜநாராயணன் 1982 இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற தொகுப்புகளே பல இடங்களில் ஆய்வாளருக்குக் கைகொடுக்கின்றன.

நிலமும் பருவமும்

மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம், நடுவே கண்மாய்ப் பாசன நிலம், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் என இவ்வட்டாரம் குறுகிய தொலைவில் மூன்று நிலங்களைக் கொண்டது. ஐப்பசி, கார்த்திகை மழையே இதன் முதன்மை ஆதாரம். புரட்டாசியில் விதைத்த கம்பும் சோளமும் தை, மாசியில் களத்துக்கு வரும். தானியம் குலுக்கைக்குள் போக, தட்டை படப்பில் ஏறும். மழைக்குப் பின்னான பசும்புல்லும் பின்னர் இத்தட்டையும் மாட்டுக்கு உணவாகும் மாதங்களில் பால் மிகும். பங்குனி, சித்திரையில் புல் கருகிப் பால் குறையும். ஆனால் வெயில் கிடைக்கும். கரிசலில் பருத்தி எடுப்பும் மலையடிவாரத் தோப்பில் மாங்காயும் இவ்வெயிற்காலத்தை ஒட்டியே வரும். பால் மிகும் காலத்தில் நெய்யைச் சேர்ப்பதும், வெயில் மிகும் காலத்தில் வற்றலைச் சேர்ப்பதும் இக்கால ஒழுங்கின் விளைவுகள்.

பருத்தியும் கொட்டையும்

செடியிலிருந்து எடுக்கும் பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டையே. கையால் சுழற்றும் மர உருளைப் பொறியில் பஞ்சைப் பிரித்த காலத்தில் கொட்டை வீட்டிலேயே தங்கியது. அதை ஊறவைத்து ஆட்டுரலில் அரைத்துக் கறவை மாட்டுக்கு வைத்தனர். அதே அரைவையை வடிகட்டிக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சினால் மனிதர் அருந்தும் பருத்திப்பால். ஆகவே இவ்வட்டாரத்தில் வெண்ணெயின் வரலாறு பருத்திக்காட்டில் தொடங்குகிறது எனலாம்.

மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876 இல் திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டிய விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகள் பருத்தி வாணிகத்தின் மையங்களாயின. அரவை ஆலைகளும் எழுந்தன. விருதுநகர் – தென்காசிப் பாதை 1927 இல் வந்தபின் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அவ்வலையில் நேரடியாக இணைந்தன. 1936 இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையை நிறுவினார். தொழில் வரலாற்றில் இவை வளர்ச்சியின் மைல்கற்கள், அதில் ஐயமில்லை. ஆனால் பருத்தி கொட்டையோடு வண்டியேறியபோது மூன்றில் இரண்டு பங்கு எடையும் வீட்டை விட்டுப் போயிற்று என்பதை அவ்வரலாறுகள் கணக்கிடுவதில்லை. விளைவித்தவரே கொட்டையைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் நிலை இதன் வழி உருவானது.

மோரா, கோவாவா?

திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஒலி கேட்கிறது. பன்னிரண்டாம் பாசுரத்தில் எருமைப் பால் சொரிந்து வீடே சேறாகிறது. ஆண்டாளின் ஊரில் பால்வளம் பழையது என்பதற்கு இவற்றைச் சான்று காட்டிப் பால்கோவாவையும் அப்பழமையோடு இணைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இவ்விணைப்பு பொருந்தாது. பாசுரத்தில் இருப்பது கடைதல். கோவாவுக்கு வேண்டுவது காய்ச்சுதல். இரண்டும் வேறு வேறு பொருளியல்கள்.

10 லிட்டர் பசும்பாலில் திடப்பொருள் ஏறத்தாழ 1.25 கிலோ, எஞ்சியது நீர். கோவாவுக்கு அந்நீரின் பெரும்பகுதியை அடுப்பிலேயே ஆவியாக்க வேண்டும். அடிபிடிக்காமல் இடைவிடாது கிளறவும் வேண்டும். திருவில்லிபுத்தூரில் இதற்குப் புளிய விறகைச் சிறப்பாகக் கருதுகின்றனர். இவ்வளவு விறகும் சர்க்கரையும் செலவிட்டுக் கிடைக்கும் பண்டம் சில நாள்களே தாங்கும். அதே பாலை உறையவைத்துக் கடைந்தால் 400 கிராம் அளவு நெய் கிடைக்கும். விறகு வெண்ணெயை உருக்க மட்டுமே தேவை. நெய்யோ மாதக்கணக்கில் கெடாது. அதற்கு மேல் ஒரு பானை மோர் மிஞ்சும். எரிபொருளுக்கு வறட்டியையும் பருத்திமாரையும் நம்பிய கரிசல் வீடு எதைத் தேர்ந்திருக்கும் என்பதில் குழப்பமில்லை. கோவா, விலைக்கு வாங்கிய விறகும் மலிந்த வெள்ளைச் சர்க்கரையும் அன்றாடம் வந்துபோகும் பயணிகளும் ஒருங்கே அமைந்த கடைத்தெருவின் பண்டம். 1932 இன் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியச் சர்க்கரை ஆலைகள் பெருகியதையும், பயணிகளை ஈர்க்கும் கோயில் நகரம் என்ற இதன் நிலையையும் இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் மிஞ்சிய மோரே பல பண்டங்களுக்குத் தாய். கம்பங்கூழைக் கரைத்தது அது. உப்பிட்ட புளித்த மோரில் மிளகாயை இரவில் ஊறப்போட்டுப் பகலில் உலர்த்தி, மறுபடி அதே மோரில் இட்டு, மோர் வற்றும்வரை நாள்கணக்கில் செய்தது மோர்மிளகாய். கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி ஆகியவையும் இவ்வழியே பங்குனி வெயிலைக் கடந்து ஐப்பசி மழைக்காலத்துச் சோற்றுக்குத் துணையாயின. பால் விற்பதை இழுக்காகக் கருதிய உழுகுடி வீடுகளில் மோரை அண்டை வீட்டாருக்கும் பண்ணையாள்களுக்கும் விலையின்றி ஊற்றினர். மோர் விற்றுப் பிழைத்த இடையர் பெண்களுக்கு அதே மோர் வாழ்வாதாரம். ஒரே பொருள் ஒரு வீட்டில் கொடையாகவும் மற்றொரு வீட்டில் சரக்காகவும் இருந்ததை நோக்க, ‘பண்ணைக் குடும்பம்’ என்ற பொதுப்பெயரைக் கவனத்தோடு கையாள வேண்டியுள்ளது.

1970 இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1972 இல் தமிழ்நாடு பால்வள வளர்ச்சிக் கழகமும் 1981 இல் மாநிலக் கூட்டுறவு இணையமும் அமைந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் சீரான விலையும் உறுதியான கொள்முதலும் தந்தன. பல சிறு குடும்பங்களுக்கு அதுவே மாதம் முழுதும் கையில் காசு புழங்கிய முதல் வழி. விடியலில் கடையும் உழைப்பிலிருந்து பெண்கள் விடுபட்டதையும் இழப்பாகக் காட்ட இயலாது. ஆனால் பால் திரவமாகவே வெளியேறியபோது மோர் இல்லாமற் போயிற்று. மோர் இல்லாத வீட்டில் மோர்மிளகாய் போடும் அறிவு இருந்தும் பயனில்லை.

உதிர்ந்த மாங்காய்

மலையடிவாரத் தோப்புகளில் நிகழ்ந்ததும் இதுவே. இராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பழத்துக்குப் பெயர்பெற்றவை. ஆனால் வீட்டுப் பண்டங்களுக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் பழமல்ல, காற்றில் உதிர்ந்தவையே. பிஞ்சு உதிர்ந்தால் மாவடு. சற்று முற்றி உதிர்ந்தால் கீறி உப்பிட்டு உலர்த்திய வற்றல். அடிபட்டது அன்றைய குழம்புக்கு. விலை போகாத காய் என்பதால் பொறுக்க வந்த கூலிப் பெண்களையும் சிறுவரையும் தடுக்க வேண்டிய தேவை குறைவாக இருந்தது. தோப்பை வியாபாரிக்குப் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு விடும் முறையில், மரத்திலுள்ள காயோடு தரையில் கிடக்கும் காயும் குத்தகைதாரருக்கு உரியதாகிறது. ஊறுகாய்த் தொழில் பெருகியபின் உதிர்ந்த காய்க்கும் விலை உண்டு.

நிலமற்றோர் இம்மிச்சங்களில் பெற்றுவந்த பங்கு எழுதப்படாத உரிமை. ஆகவே அது போனதும் எழுதப்படவில்லை. பருத்தி எடுப்புக்கு எடுத்த பருத்தியிலேயே கூலி அளந்த காலத்தில் கூலியாளின் வீட்டுக்கும் கொட்டை சென்றது. காசுக்கூலி வந்தபின் அது நின்றது.

யார் உற்பத்தியாளர்?

1999 ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், செய்பவரோடு பொருளைப் பொறுத்துப் பதப்படுத்துவோர், பொதிவோர், வணிகம் செய்வோர் ஆகியோரையும் ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. ஊர்ப்பெயரோடு சந்தைக்கு வரும் பொருளுக்கே அச்சட்டத்தில் இடம். வீட்டில் செய்து வீட்டிலேயே உண்ட நெய்க்கும் வற்றலுக்கும் அத்தகைய பெயர் எதுவும் இல்லை. தேசிய மாதிரி ஆய்வு, வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரித்தலும் வீட்டுத் தேவைக்கான செய்பொருள் வேலையும் செய்த பெண்களை 93 என்ற குறியீட்டில் அடக்கி, உழைப்புப் படைக்கு வெளியே வைத்தது. இந்தியாவின் முதல் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சொந்த நுகர்வுக்கான பொருள் உற்பத்தியைத் தனிப்பிரிவாக எடுத்துக்கொண்டது. அது நடந்த ஆண்டும் 2019.

இன்று இவ்வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பாலில் வரும் பணத்தில் பெரும்பங்கு தீவனத்துக்கே செலவாகிறது. அத்தீவனத்தில் முக்கியமான ஒன்று, மூட்டையாகக் கடையில் வாங்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.