ஜெயிச்சா கதவு மூடல்... தோற்றா விஐபி கவனிப்பு! குதிரை ரேஸ் புக்கிகள் செய்வது என்ன?

குதிரை ரேஸில் பணத்தை விட்டவர்கள் கதை நமக்குப் பழக்கம். ஆனால் தொடர்ந்து ஜெயிப்பவருக்கு என்ன நடக்கும்? பிரிட்டனில் அப்படிப்பட்டவர் 100 பவுண்டு கட்டப் போனால், ‘உங்களுக்கு 2 பவுண்டு மட்டும்தான் அனுமதி’ என்று ஆப் சொல்லிவிடலாம். எந்த மோசடியும் செய்யாதவருக்கும் இதே கதிதான். ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

புக்கிக்கு லாபம் எங்கிருந்து வருது?

சம பலமுள்ள 4 குதிரைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நியாயமாகப் பார்த்தால் 100 ரூபாய் கட்டி ஜெயித்தவருக்கு 400 ரூபாய் கிடைக்கணும். புக்கி 360 தான் தருவார். நாலு குதிரை மேலும் தலா 100 ரூபாய் விழுந்தால் கையில் 400. எது ஜெயித்தாலும் கொடுப்பது 360. மிச்சம் 40 ரூபாய் அவருக்கு.

ஆனால் ஒரு குதிரையின் பலத்தைப் புக்கி தப்பாக எடைபோட்டால் இந்தக் கணக்கு உடையும். அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பவர்தான் ஜெயிக்கிறார். இது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரை ரேஸ் திறமை சார்ந்தது என்று 1996-ல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஜெயிக்கும் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. நீங்கள் ஜெயிச்சிருக்கணும்னு கூட அவசியம் இல்லை. காலையில் 1 பவுண்டுக்கு 8 பவுண்டு லாபம் என்ற விலையில் கட்டுகிறீர்கள். ரேஸ் தொடங்கும்போது அதே குதிரையின் விலை 5-ஆகக் குறைந்துவிட்டது. ஒருமுறை என்றால் தற்செயல். திரும்பத் திரும்ப நடந்தால், ‘இவருக்கு விஷயம் தெரியுது’ என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உங்கள் கணக்கு நஷ்டத்தில் இருந்தாலும் சரி.

அடுத்து படிப்படியாக நடப்பது இதுதான்:

• இலவச பெட், போனஸ் சலுகைகள் நின்றுபோகும்.
• கட்டிய பிறகு விலை ஏறினால் கூடுதல் விலையே தரும் சலுகை பறிபோகும்.
• அதிகபட்சமாகக் கட்டும் தொகை சில பவுண்டுகளாக, சில நேரம் பென்னிகளாகச் சுருங்கும்.
• கடைசியில் கணக்கே மூடப்படும்.

நண்பர், உறவினர் பெயரில் கணக்கு தொடங்கி விளையாடுவோரும் உண்டு. அது நிறுவனங்களின் விதிமுறைக்கு எதிரானது. மாட்டிக்கொண்டால் ஜெயித்த பணமும் சிக்கலாகும்.

அந்தக் காலத்தில் எப்படி?

1975 ஜூன். அயர்லாந்தின் பெல்லூஸ்டவுன் மைதானம். பார்னி கர்லி என்பவர் தன் குதிரை ‘யெல்லோ சாம்’ மேல், நாடு முழுக்கப் பல கடைகளில் ஆட்களை விட்டு சிறுசிறு தொகையாகக் கட்டவைத்தார். மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. அதை அவருடைய நண்பர் விடாமல் பிடித்துக்கொண்டார். கடைக்காரர்களால் மைதானத்துக்குத் தகவல் சொல்லி விலையைக் குறைக்க முடியவில்லை. 20 மடங்கு லாப விலையிலேயே குதிரை ஜெயித்தது. கிடைத்தது 3 லட்சம் பவுண்டுக்கும் மேல். விதி எதுவும் மீறப்படாததால் புக்கிகள் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்று நிலைமை வேறு. எல்லாமே கணக்கில் பதிவாவதால், ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

சட்டம் என்ன சொல்லுது?

பிரிட்டனில் யாரிடம் எவ்வளவு பெட் வாங்குவது என்பது நிறுவனத்தின் வணிக முடிவு. அதனால் வரம்பு போடுவது குற்றம் இல்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட பெட்டுக்குப் பணம் தராமல் ஏமாற்ற முடியாது. 2005-ம் ஆண்டு சூதாட்டச் சட்டப்படி, ஜெயித்த பணத்துக்காக நீதிமன்றம் போகலாம். அடையாள ஆவணங்களை விளையாடும் முன்பே சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் 2019-ல் வந்தது.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 2014-ல் குறைந்தபட்ச பெட் விதி வந்தது. பெருநகர ரேஸ் என்றால், ஜெயித்தால் 2,000 டாலர் வரை தரக்கூடிய பெட்டை பெரிய புக்கிகள் மறுக்கக் கூடாது. பின்னர் விக்டோரியாவும் இதுபோல விதி கொண்டுவந்தது.

ஜெயிப்பவர்கள் எங்கே போகிறார்கள்?

ஒன்று, பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்ச். அங்கே விளையாடுபவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டுவார்கள், நிறுவனத்துக்கு கமிஷன். அங்கும் முழு நிம்மதி இல்லை. தொடர்ந்து பெரிய லாபம் பார்ப்பவர்களுக்கு 2008-ல் பெட்ஃபேர் தனிக் கட்டணம் போட்டது. 2011-ல் சிலருக்கு அது 60% வரை போனது.

இன்னொன்று, ஹாங்காங் போன்ற இடங்களில் உள்ள டோட் முறை. எல்லார் பணமும் ஒரே தொகுப்பில் சேரும். கிளப் தன் பங்கை எடுத்த பிறகு மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரியும். யார் ஜெயித்தாலும் கிளப்புக்கு நஷ்டம் இல்லை. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள் சீட்டாட்டத்தில் ஒதுக்கிய பில் பென்டர், 1980-களில் ஹாங்காங் வந்து கணிதமும் கம்ப்யூட்டரும் வைத்தே பெரும் பணக்காரர் ஆனது இப்படித்தான்.

கவனிக்க வேண்டியது என்ன?

ஜெயிப்பவருக்கு 2 பவுண்டு வரம்பு. அதிகம் இழந்தவர்களுக்கோ விஐபி கவனிப்பு, இலவச பெட், தனி மேலாளர். இந்த விஐபி திட்டங்கள் சர்ச்சையாகி, 2020-ல் பிரிட்டன் சூதாட்ட ஆணையம் அவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது.

ஆக, ஒரு ஆப் உங்களை வரம்பே இல்லாமல் விளையாட விடுகிறது என்றால் அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. உங்களால் தங்களுக்கு லாபம்தான் என்று அவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார்கள் என்றே அர்த்தம்.